நிலத்தை விட்டு வந்த வாரிசு: ரிச்சர்ட் லீயின் தொழில் வாழ்க்கை

ஹாங்காங்கின் பெருஞ்செல்வக் குடும்பங்களில் பெரும்பாலானவை நிலத்தால் வளர்ந்தவை. அவற்றில் முதன்மையானது லீ கா-ஷிங்கின் குடும்பம். 1950இல் பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் சிறு தொழிற்சாலையோடு தொடங்கிய அவர், 1967 கலவரத்துக்கு அஞ்சிப் பலர் சொத்துகளை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்பியபோது நிலத்தை வாங்கிச் சேர்த்தார். 1979இல் ஹட்சிசன் வாம்போவா என்ற பழைய பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தையே தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். மூத்த மகன் விக்டர் தந்தையின் அருகிலேயே இருந்து தொழில் பழகி, 2018இல் அவருடைய நாற்காலியில் அமர்ந்தார். 1966இல் பிறந்த இளைய மகன் ரிச்சர்ட் வேறு வழியில் போனார். செயற்கைக்கோள், இணையம், தொலைபேசி, காப்பீடு என்று அவர் தொட்ட துறைகள் எவையும் தந்தை தொடங்கிய மனை வணிகத்தைப் போன்றவை அல்ல. ஆனாலும் நல்ல இடத்தை முந்திப் பிடித்து, விலை ஏறியதும் கைமாற்றிவிடும் மனை வணிகரின் பழக்கம் அவரை நெடுங்காலம் விடவில்லை என்பதும், அவருடைய மிகப் பெரிய வெற்றிகளும் தோல்விகளும் அந்தப் பழக்கத்திலிருந்தே பிறந்தன என்பதும் என் கருத்து.

கனடாவில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிவிட்டு 1990இல் ஊர் திரும்பிய ரிச்சர்ட், ஹட்சிசனில் சேர்ந்தார். அதே ஆண்டு ஏப்ரலில், ஹட்சிசனும் பங்கு வைத்திருந்த ஆசியாசாட்-1 செயற்கைக்கோள் சீன ராக்கெட் ஒன்றில் விண்ணுக்குச் சென்றது. அந்தச் செயற்கைக்கோளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1984இல் வெஸ்டார்-6 என்ற பெயரில் ஏவப்பட்டு, உரிய சுற்றுப்பாதையை எட்டாமல் பயனற்றுச் சுற்றிக்கொண்டிருந்த அதை, அந்த ஆண்டு நவம்பரிலேயே டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் விண்வெளியில் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். பழுது நீக்கப்பட்டுப் புதுப் பெயரோடு மீண்டும் மேலே சென்ற அந்தச் செயற்கைக்கோளின் ஒளிபரப்பு எல்லை, மேற்கு ஆசியாவிலிருந்து கிழக்கே வெகுதூரம் வரை பரவியிருந்தது. வானத்தில் கிடந்த மனையைப் போல அதை ரிச்சர்ட் கண்டார். 1991இல் அதன்மீது எழுந்ததுதான் ஸ்டார் தொலைக்காட்சி. தூர்தர்ஷனைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த நம் வீடுகளுக்குள், கேபிள்காரரின் மொட்டைமாடி டிஷ் வழியாக எம்டிவியும் பிபிசியும் ஸ்டார் பிளஸ்ஸும் நுழைந்தது அவ்வாறுதான். விஜய் தொலைக்காட்சியின் பெயரோடு பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட ‘ஸ்டார்’ என்ற சொல்லின் மூலமும் அதுவே.

ஆனால் அந்தத் தொலைக்காட்சியை வளர்த்தெடுக்க அவர் காத்திருக்கவில்லை. 1993 ஜூலையில் அதன் 63.6 விழுக்காட்டுப் பங்குகள் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனுக்கு 52.5 கோடி அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டன. மீதிப் பங்குகளும் 1995இல் கைமாறின. முதல் விற்பனையின்போது ரிச்சர்டுக்கு வயது 26. அந்த ஆண்டே பசிபிக் செஞ்சுரி என்ற சொந்தக் குழுமத்தைத் தொடங்கினார்.

அடுத்து வந்த சைபர்போர்ட் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1999 மார்ச்சில் ஹாங்காங் அரசு தன் நிதிநிலை அறிக்கையில், போக் ஃபூ லாம் பகுதியின் கடலோர நிலத்தில் 1,300 கோடி ஹாங்காங் டாலர் செலவில் தகவல் தொழில்நுட்ப வளாகம் ஒன்று அமையும் என்றும், அதைப் பசிபிக் செஞ்சுரி குழுமம் கட்டும் என்றும் அறிவித்தது. திறந்த டெண்டர் எதுவும் விடப்படவில்லை. வளாகத்தை ஒட்டிப் பெல்-ஏர் என்ற ஆடம்பரக் குடியிருப்புகளைக் கட்டி விற்பதும் அதே திட்டத்தின் பகுதி என்பதால், இது தொழில்நுட்பப் போர்வை போர்த்திய மனை வணிகமே என்று மற்ற கட்டுமான நிறுவனங்கள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தன. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். நகரத்துக்குத் தொழில்நுட்ப வளாகம் தேவைதான். ஆனால் அரசு நிலத்தின் மதிப்பைப் போட்டியின்றி ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு அந்தத் தேவை காரணமாகிவிடாது.

சைபர்போர்ட் அறிவிப்பின் சூடு தணிவதற்குள், பங்குச் சந்தைப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த ட்ரைகாம் என்ற சிறு நிறுவனத்தின் வழியாகத் தம் சொத்துகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த ரிச்சர்ட், அதற்குப் பசிபிக் செஞ்சுரி சைபர்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றினார். பிசிசிடபிள்யூ என்று இன்று அறியப்படும் நிறுவனம் அதுதான். இணையத்தின்மீது உலகமே மயங்கியிருந்த காலம் அது. ஓராண்டுகூட நிறையாத அந்த நிறுவனத்தின் பங்கு விலை 2000 பிப்ரவரியில் 28 ஹாங்காங் டாலரைத் தாண்டியது. அந்த விலையையே நாணயமாக்கிக்கொண்டு, 1925 முதல் நகரத்துக்குத் தொலைபேசி கொடுத்துவந்த ஹாங்காங் டெலிகாமை வாங்க அவர் களமிறங்கினார். முன்பே பேச்சு நடத்திக்கொண்டிருந்த சிங்கப்பூர் டெலிகாமை முந்துவதற்காக, வங்கிகள் கூட்டாகச் சேர்ந்து 1,200 கோடி அமெரிக்க டாலர் கடனைச் சில நாட்களுக்குள் திரட்டிக் கொடுத்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் இணைப்பு நிறைவேறியபோது சந்தையின் மயக்கம் தெளிந்திருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பங்கு தன் உச்ச விலையில் 90 விழுக்காட்டுக்கு மேல் இழந்தது. ஈவுத்தொகையை நம்பித் தொலைபேசி நிறுவனத்தின் பங்குகளை ஆண்டுக்கணக்கில் கையில் வைத்திருந்த சாதாரண மக்களுக்கு, அவற்றுக்கு ஈடாகக் கிடைத்ததில் பெரும்பகுதி இந்தப் புதிய பங்குகள்தான். ரிச்சர்டின் துணிச்சலைப் புகழும் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன; அந்தத் துணிச்சலுக்கான விலையைக் கொடுத்த இவர்களைப் பற்றி அவற்றில் ஓரிரு வரிகளே இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் அவர் பட்டம் பெற்றதாக நிறுவனத்தின் ஆவணங்களில் இருந்த குறிப்பு பிழையானது என்று 2001இல் தெரியவந்தது, குலைந்துகொண்டிருந்த நம்பிக்கையை மேலும் குலைத்தது.

கடனை அடைப்பதற்கு அவர் விற்றவற்றுள் ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஷென்சென் நகரத்தில் அரட்டைச் செயலி ஒன்றை உருவாக்கிக்கொண்டு, சேவையகச் செலவுக்கே பணம் போதாமல் திணறிய சிறு நிறுவனம் ஒன்றில் பிசிசிடபிள்யூ 11 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து 20 விழுக்காடு வாங்கியிருந்தது. 2001இல் அந்தப் பங்கைத் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு 1.26 கோடி டாலருக்கு விற்றது. அந்தச் சிறு நிறுவனம்தான், பிற்காலத்தில் வீசாட் செயலியை உருவாக்கிய டென்சென்ட். போட்ட பணம் பதினோரு மடங்கானதால் அது நல்ல விற்பனைதான் என்று அன்றைய கணக்கு சொல்லும். ஆனால் அந்தப் பங்கை விடாமல் வைத்திருந்த நாஸ்பர்ஸுக்குப் பிற்காலத்தில் பல ஆயிரம் கோடி டாலர் மதிப்பு சேர்ந்தது. எதை வாங்க வேண்டும் என்பதை ரிச்சர்ட் மிகச் சரியாகவே கண்டுகொண்டார். தொலைபேசிக்காக வாங்கிய கடன்தான் அதை வைத்திருக்க விடவில்லை.

2006இல் தொலைபேசிச் சொத்துகளை வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விற்க முயன்றபோது, பிசிசிடபிள்யூவில் ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்த சைனா நெட்காம் என்ற சீன அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம் எதிர்த்தது. பிறகு தம் பங்குகளையே விற்க அவர் முன்வந்தார். வாங்குவதற்கான பணத்தில் தந்தையின் அறக்கட்டளைகளுக்கும் பங்கு உண்டு என்பது தெரியவந்தது. அந்தப் பங்குகள், சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அவருடைய நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தன; அதன் சிறு பங்குதாரர்கள் விற்பனையை வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2009இல் நடந்ததோ இன்னும் கசப்பானது. பங்குக்கு 4.50 ஹாங்காங் டாலர் கொடுத்து பிசிசிடபிள்யூவைப் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்ளும் முன்மொழிவு பிப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்தது. பங்குகளின் மதிப்பு மட்டுமல்லாமல் வாக்களித்தவர்களின் தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும் என்பது அன்றைய சட்டம். காப்பீட்டு முகவர்கள் பலரின் பெயரில் ஆளுக்கு ஆயிரம் பங்குகள் புதிதாக எழுதப்பட்டிருப்பதைச் சிறு முதலீட்டாளர்களுக்காகக் குரல் கொடுத்துவந்த டேவிட் வெப் வெளிக்கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் முன்மொழிவு வென்றது. கீழமை நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்குகள் திரிக்கப்பட்டிருக்கின்றன என்று கூறி ஒப்புதல் தர மறுத்துவிட்டது. தீர்ப்பு ரிச்சர்டைத் தண்டிக்கவில்லை. ஆனால் நிறுவனம் பட்டியலிலேயே நின்றது. 2014இல் நடைமுறைக்கு வந்த புதிய நிறுவனச் சட்டம், இத்தகைய முன்மொழிவுகளுக்கான தலை எண்ணிக்கை விதியையே மாற்றியமைத்தது.

விற்க முடியாமல் போனதுதான் அவரை நிர்வாகியாக்கியது என்று நான் நம்புகிறேன். வேறு வழியில்லாமல் கையில் தங்கிவிட்ட அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகள் வழியாக 2003இல் தொடங்கப்பட்ட நவ் டிவி, வேண்டிய அலைவரிசைக்கு மட்டும் பணம் கட்டும் முறையால் வீடு வீடாகப் பரவியது. 2011இல் தொலைபேசித் தொழில் எச்கேடி என்ற பெயரில் தனியாகப் பட்டியலிடப்பட்டது; 2014இல் சிஎஸ்எல் என்ற கைப்பேசி நிறுவனமும் அதனோடு சேர்ந்தது. இவை எதுவும் தலைப்புச் செய்தியாகும் வேலைகள் அல்ல. மாதக் கட்டணம் வசூலிப்பதும், கம்பியைப் பழுதுபார்ப்பதும், வாடிக்கையாளரைத் தக்கவைப்பதுமான அன்றாட வேலைகள்.

2012இல் தந்தை தம் சொத்துகளைப் பங்கிட்டபோது குடும்ப நிறுவனங்கள் விக்டருக்குச் சென்றன. ரிச்சர்டுக்கு அவர் வாங்க விரும்பும் தொழில்களுக்கான பண உதவி என்று முடிவாயிற்று. அந்த ஆண்டே நெதர்லாந்து நிதி நிறுவனமான ஐஎன்ஜி குழுமத்தின் ஹாங்காங், மக்காவ், தாய்லாந்து காப்பீட்டுத் தொழில்களை 214 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க அவர் ஒப்பந்தம் செய்தார். எஃப்டபிள்யூடி என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் இன்று ஆசியாவின் பத்துச் சந்தைகளில் இயங்குகிறது. இன்று விற்கும் பாலிசிக்கு முப்பது ஆண்டு கழித்துப் பணம் கொடுக்க வேண்டிய தொழில் அது. நியூயார்க்கில் பட்டியலிடும் முயற்சி கைவிடப்பட்டு, ஹாங்காங்கிலும் விண்ணப்பம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போன பிறகு, 2025 ஜூலையில்தான் அதன் பங்கு 38 ஹாங்காங் டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. ஸ்டார் தொலைக்காட்சியை இரண்டு ஆண்டுகளில் விற்றவர், தொழிலை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பட்டியலிடலின்போது அதிலிருந்து விலகிச் செல்லவில்லை.