காதுப் பரிசோதனைக்குப் பிள்ளையைத் தூங்க வைப்பதா, விழிக்க வைப்பதா?

எங்களைப் போல இன்னொரு குடும்பம் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் வரை போய் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். காதுப் பரிசோதனை என்று பொதுவாகச் சொன்னாலும், பிள்ளை தூங்கும்போது செய்வது ஒன்று, விழித்திருக்கும்போது செய்வது ஒன்று. தேதி வாங்கும்போதே உங்களுக்கு எழுதியிருப்பது எது என்று கேட்டுவிடுங்கள்.

என் மகளுக்குப் பிறந்ததும் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தது. பிறகு தூங்க வைத்துப் பார்த்த ஏபிஆர் (ABR) சோதனையில் அலையே வரவில்லை. ஒலி கேட்ட முதல் 10 மில்லிசெகண்டுக்குள் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகளைத்தான் அதில் பார்க்கிறார்கள். நரம்பு இழைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து துடித்தால்தான் அந்த அலை எழும். உட்காது நன்றாக இருந்தும் நரம்பு சீராகத் துடிக்காத பிள்ளைகள் உண்டு. கடும் காமாலை அதற்கு ஒரு காரணம். இவளும் அந்த ரகம் என்றார்கள். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்தில் எல்லோரும், "கூப்பிட்டா திரும்புதே, அப்புறம் என்ன?" என்றார்கள். திரும்புவாள்தான். ஆனால் பையை எடு என்றால் பாயை இழுத்துக்கொண்டு வருவாள்.

அதனால் ஆடியோலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், ஏசிசி (ACC) என்ற வேறொரு சோதனைக்கு எழுதினார். ஓடிக்கொண்டிருக்கும் ஒலி நடுவில் சட்டென்று மாறும்போது மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, அதைக் கவனிக்கிறதா என்று பார்ப்பது அது. ஒலி தொடங்கியதும் ஓர் அலை, மாறியதும் இன்னோர் அலை. பெரியவர்களுக்கு 100 மில்லிசெகண்டை ஒட்டி ஓர் இறக்கம், 200-ஐ ஒட்டி ஓர் ஏற்றம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெரிதாக ஒரே மேடு. தூங்கினால் இந்த அலைகளின் உருவமே மாறிவிடும். பிள்ளை விழித்திருந்தே ஆக வேண்டும்.

இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தேதியை உறுதிசெய்யப் போன் செய்தபோது கவுண்டரில், இரவு தாமதமாகத் தூங்க வையுங்கள், விடியற்காலையிலேயே எழுப்புங்கள், தூக்கக் கலக்கத்தோடு கூட்டி வாருங்கள் என்றார்கள். அது ஏபிஆருக்கான அறிவுரை! அழுத பிள்ளையைப் பாதி ராத்திரிவரை உட்கார வைத்தோம். இடிஎஸ் ரயிலிலும் தூங்க விடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து வயரை ஒட்டுவதற்குள் சாய்ந்துவிட்டாள். எவ்வளவு எழுப்பியும் கண் திறக்கவில்லை. ஆடியோலஜிஸ்ட் முகம் வாடிப்போனது. கவுண்டரில் போய்க் கேட்டால், கணினியில் செவிப் பரிசோதனை என்று மட்டும்தான் இருக்கிறது, எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று பதில். வருத்தப்படுகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. என் வீட்டுக்காரருக்கு அன்றைய சம்பளம் போனது. அடுத்த தேதி பள்ளி விடுமுறைக்குப் பிறகுதான் கிடைத்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அடுத்த முறை நன்றாகத் தூங்க வைத்துச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிப் போனோம். முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். எண்ணெய்த் தலையில் எலெக்ட்ரோடு பிடிக்காது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சொரசொரப்பான ஜெல்லால் தேய்ப்பார்கள், பிள்ளை முகம் சுளிக்கும். வீட்டிலேயே சொல்லித் தயார் செய்துவிடுங்கள். சோதனை நடக்கும்போது பிஸ்கட், மிட்டாய் எதுவும் வேண்டாம். மூளையிலிருந்து வருவது ஒரு சில மைக்ரோவோல்ட்தான். வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட். தாடை அசைந்தால் அந்தத் தசையின் மின்சாரமே அதை மூழ்கடித்துவிடும். அதனால்தான் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். சத்தமில்லாமல் ஒரு கார்ட்டூன் ஓட விட்டார்கள். இவள் அதையே பார்த்துக்கொண்டிருக்க, காதில் "ஊஊஊஈஈஈ" என்று ஓடிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் ஆடியோலஜிஸ்ட் திரையை என் பக்கம் திருப்பினார். மலாய்க்காரப் பெண், சின்ன வயது. பேனா முனையால் முதல் மேட்டைத் தொட்டார், அப்புறம் கொஞ்சம் தள்ளி இரண்டாவதை. "நம்பாக், புவான்?" (தெரிகிறதா, அம்மா?) என்றார். நன்றாகவே தெரிந்தது. ஊ, ஈயாக மாறிய இடத்தில் என் மகளின் மூளை அதைக் கண்டுகொண்டிருந்தது. ஏபிஆரில் ஒன்றுமே வராத பிள்ளை! எனக்குப் பேச்சு வரவில்லை.

இதனால் சொல் எல்லாம் புரியும் என்று அர்த்தமில்லை, வித்தியாசம் மூளைக்கு எட்டுகிறது என்று மட்டும்தான் என்று அவரே தெளிவாகச் சொன்னார். அலை வராவிட்டாலும் கேட்கவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாதாம். காது கருவியைத் தொடர்ந்து போடலாம், பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள் என்றார்.

வெளியே வரும்முன் அந்த அலைக்கோடு அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் மட்டும் போதும் என்பார்கள், விடாதீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடம் அந்தத் தாளைக் காட்டித்தான் முன் வரிசையில் இடம் வாங்கினேன். அடுத்த தேதி அட்டையில் 'விழித்த நிலை' என்று ஆடியோலஜிஸ்டையே எழுதச் சொல்லிவிட்டேன்.