ஆத்தோரம் நடக்கப் போறவங்களுக்கு

மட்டக்களப்புக்கு வாற ஆக்கள்ல பாதிப் பேர் நேரா பாசிக்குடாக்குப் போறாங்க, மிச்சப் பேர் கல்லடி பீச்சுல நிண்டு நாலு போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறுறாங்க. கடல் எங்கயும் இரிக்கு. டவுனுக்கு நடுவுல, கடைத்தெருவுக்கும் கோட்டைக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இடையால வளைஞ்சு வளைஞ்சு போற இந்த ஆறு எங்கட ஊருக்கு மட்டும்தான் இரிக்கு, அத நடந்து பாக்காமப் போறவங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் கோவம் கூட வரும். வடக்க பங்குடாவெளியில இரிந்து தெற்க கல்முனை வரைக்கும் 56 கிலோமீற்றர் நீளம். புத்தகத்துல வாவி எண்டு போடுவாங்க, சாப்பாட்டு மேசையில ஆறு எண்டுதான் சொல்லுவம்.

நான் சொல்லப் போறது காந்தி பூங்காவில தொடங்கி கல்லடிப் பாலம் வரைக்கும் உள்ள நடை. பூங்காவில காந்தி சிலை இரிக்கு, பக்கத்துல ஒரு காலத்துல ஊருக்கு வாசலா இரிந்த பழைய 'கேட்' இரிக்கு, வில்லியம் ஓல்ட் பாதிரியாரின்ட சிலையும் இரிக்கு. 1814ல மெதடிஸ்த மிசனால வந்து இறங்கின மனுசன், அந்த வருசமே பள்ளிக்கூடம் தொடங்கினவர், அடுத்த வருசம் ஏப்ரல்ல இஞ்சயே செத்துட்டார். ஒரு வருசம் கூட ஒழுங்கா இரிக்கல்ல, ஆனா அவர் தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்னும் நடக்குது. அந்தக் காலத்துல ரோட்டால வாறதெல்லாம் குறைவு, ஆக்களும் சாமானும் தோணியில வந்து இறங்குறதுதான், அதால ஊருக்கு வாசல் எண்டு சொன்னா அது தண்ணியப் பாத்துத்தான் இரிந்திரிக்கு. இப்ப நாங்க பஸ் ஸ்டாண்டால வந்து ஊருக்குள்ள பூர்றம், வாசல் பின்பக்கமாப் போயிட்டு.

எப்ப போற எண்டு கேட்டா விடியத்தான். அஞ்சரை, ஆறு மணிக்குப் போனா சுகர் பிரஷர் எண்டு டொக்டர் ஏசி அனுப்பின ஆக்கள் கை வீசி வீசி நடப்பாங்க, ரிட்டயர்ட் ஆன மாஸ்டர்மார் ரெண்டு மூணு பேராச் சேந்து அரசியல் கதைச்சுக் கதைச்சு நடப்பாங்க, அவங்கட நடை எப்பிடியெண்டா பேச்சு சூடாகினா நிண்டுருவாங்க, பேச்சு முடிஞ்சாத்தான் அடுத்த அடி. பொம்பிளைகளும் இப்ப கனபேர் வாறாங்க, சாறி உடுத்து சப்பாத்துப் போட்டு வாற அம்மாமாரப் பாக்க எனக்குச் சரியான சந்தோசம். பின்னேரம் போனா அது வேற உலகம், சின்னப் பிள்ளைகள், ஐஸ்கிரீம், சுண்டல், கச்சான், கதைக்கிறதுக்கு இடம் தேடி வந்த சோடிகள், நடக்கிறதுக்குத்தான் இடம் இரிக்காது. பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும் இடையில மட்டும் போயிராதீங்க, முக்கியமா மே மாசத்துக்குப் பொறகு கச்சான் காத்து, அதான் தென்மேற்குப் பக்கத்தால வாற சூட்டுக் காத்து, அடிக்கிற நாளையில, அந்தக் காத்து முகத்துல படக்குள்ள அடுப்புக்கு முன்னால நிக்கிற மாதிரி இரிக்கும்.

போன கிழமை அக்காட மகளையும் கூட்டிட்டுப் போனன். அவளுக்கு ஆத்தப் பாக்கிற ஆசையெல்லாம் இல்ல, பொறகு ஐஸ்கிரீம் வாங்கித் தருவன் எண்டதாலதான் வந்தவள். பூங்காவத் தாண்டிக் கொஞ்சம் அங்கால ஒரு ஐயா வீச்சு வலையோட கட்டுக்குக் கீழ முழங்கால் தண்ணியில நிண்டார். வலைய ஒரு கையில மடிச்சுப் போட்டு, ஒரு பங்கத் தோள்ல போட்டு, ஈயக்குண்டு கோத்த விளிம்பப் பல்லால கடிச்சுப் பிடிச்சுட்டு அப்பிடியே நிக்கிறார், வீசுறாரில்ல. நாங்களும் நிண்டம். ரெண்டு நிமிசம் இரிக்கும், மனுசன் அசையல்ல, கண் மட்டும் தண்ணியில ஓடுது. "மாமா, எப்ப வீசுவார்?" எண்டு இவள் சத்தமாக் கேட்டுட்டாள். ஐயா பல்லுல வலையோட திரும்பிப் பாத்து, மறுகா வலைய எடுத்துக் கையில பிடிச்சுட்டு, "சத்தம் போடாத புள்ள, மீனுக்கும் காது கேக்கும்" எண்டார். பொறகு எங்கயோ ஒரு நெளிவு தெரிஞ்சிருக்கும் போல, இடுப்ப ஒரு திருப்புத் திருப்பி வீசினார் பாருங்க, வலை வட்டமா விரிஞ்சு, குண்டெல்லாம் ஒரே நேரத்துல தண்ணியில விழுந்திச்சு, சொரக் எண்டு ஒரே ஒரு சத்தம். மெதுவா மெதுவா இழுத்தார். உள்ள நாலஞ்சு செப்பலி, ஒரு சின்ன நண்டு, ஒரு பொலித்தீன் பை.

இவளுக்கு பள்ளிக்கூடத்துல எங்கட ஊர மீன்பாடும் தேனாடு எண்டு படிச்சுக் குடுத்திரிக்காங்க, உடன கேட்டாள், "இதா பாடுற மீன்?" ஐயா சிரிச்சார். "நான் பிடிச்சதெல்லாம் வாய மூடிட்டுத்தான் இரிந்திச்சு புள்ள." அவ்வளவுதான், அடுத்த வீச்சுக்கு வலைய மடிக்கத் தொடங்கிட்டார்.

பாடுற மீன்ட கதைய இதுல சொல்லாம விட ஏலாது. பௌர்ணமி நாள்ல, காத்தில்லாத ராவுல, கல்லடிப் பாலத்தடியில தோணிய நிப்பாட்டி, துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்றத் தலைப்பக் காதுல வச்சா சத்தம் கேக்கும் எண்டு சொல்லுவாங்க. சும்மா உள்ளூர்க் கதை எண்டு நினைக்காதீங்க, 1848ல எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்கார அதிகாரி தோணியில போய்க் கேட்டுட்டு எழுதி வச்சிரிக்கார், ஈர விரலால கண்ணாடிக் கிண்ணத்துட விளிம்பத் தடவினா வாற மாதிரி மெல்லிய சத்தம், ஒண்டில்ல, கனக்கச் சத்தங்கள் எண்டு. அதுல எனக்குப் பிடிச்ச விசயம் என்னெண்டா, அவருக்கு வழி காட்டின மீன்பிடிக்கிற ஆக்கள் மீன் எண்டே சொல்லல்ல, ஊரிதான், அதான் சங்கு மாதிரி ஓட்டுக்குள்ள இரிக்கிற பிராணிதான், சத்தம் போடுது எண்டு சொல்லிருக்காங்க. எங்கட பழைய ஆக்கள் சிலபேரும் ஊரி எண்டுதான் சொல்லுவாங்க. மீனா ஊரியா எண்டது கிடக்கட்டும், ஊர்ச் சின்னத்துல மீன் ஏறிட்டு, ஊரி ஏறல்ல, ஊரிக்கு அரசியல் தெரியாது. இப்ப பாலத்தால போற வாகனச் சத்தத்துக்குள்ள எது பாடினாலும் எங்களுக்குக் கேக்கப் போறதில்ல, அது வேற.

சரி, நடைக்கு வருவம். ஆத்தோர ரோட்டால போகக்குள்ள புளியந்தீவுப் பக்கம் கோட்டை தெரியிற இடத்துல கொஞ்சம் நில்லுங்க. போர்த்துக்கேயர் 1628ல கட்டினது, பத்து வருசத்துல, 1638ல, ஒல்லாந்தர் பிடிச்சுட்டாங்க. பொறகு வெள்ளைக்காரன், பொறகு நம்மட கச்சேரி, அதான் மாவட்ட அரசாங்க அலுவலகம், அதுக்குள்ள இரிந்திச்சு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் காணி அலுவலுக்கும் அந்த மதிலுக்குள்ள போய் வரிசையில நிண்ட ஆக்கள்தான் எங்கட ஊர்ல கனபேர், அதால கோட்டை எண்டா எங்களுக்குப் பீரங்கி ஞாபகம் வாறல்ல, முத்திரை ஒட்டின படிவம்தான் ஞாபகம் வரும்.

இனி என்ட முறைப்பாடு. ஆத்தோரத்த அழகாக்கிறம் எண்டு வெளிக்கிட்டா எல்லா ஊர்லயும் ஒரே வேலைதான் நடக்குது, இன்டர்லொக் கல்லுப் பதிக்கிறது, கலர் லைட் போடுறது, சில்வர் கம்பி அடிக்கிறது, உடற்பயிற்சி மெசின் ரெண்டு நடுறது. மெசின் உப்புக் காத்துக்கு எவ்வளவு நாள் தாங்கும் எண்டு கல்லடியில வீடு கட்டின ஆரிட்டயும் கேட்டாத் தெரியும், யன்னல் கம்பிக்கே வருசா வருசம் பெயின்ற் அடிக்கிறம். கல்லு பகல் முழுக்கச் சூட்டக் குடிச்சு வச்சிட்டுப் பின்னேரம் காலுக்குக் குடுக்கும். அந்தக் காசுக்கு நாலு வாகை மரம், நாலு வேப்ப மரம் வச்சா நடக்கிறவனுக்கும் நிழல், வலை காயப் போடுறவனுக்கும் நிழல். கம்பி வேலிய ஒரேயடியா அடிச்சுக் கொண்டு போனா மற்ற ஒரு சிக்கல், தண்ணிக்கு இறங்கிற ஆக்கள் எங்கால இறங்கிற? எங்களுக்கு அது பொழுதுபோக்கு, அந்த ஐயாவுக்கு அதுதான் அண்டைய கறி, அண்டைய அரிசி. அத்தாங்கு எண்ட கைவலை வச்சு இறால் வடிக்கிற பொம்பிளைகள் இன்னும் இரிக்காங்க, இடுப்பளவு தண்ணியில குனிஞ்ச படி, இடுப்புல பறிக் கூடையக் கட்டிட்டு, நாங்க இயர்போன் போட்டு நடந்து போய்த் திரும்பி வாற நேரம் முழுக்க அவங்க அதுக்குள்ளதான். ஒரு பூங்கா நல்ல பூங்காவா எண்டு பாக்கிறதுக்கு நான் வச்சிரிக்கிற கணக்கு அதுதான், தண்ணிக்கு இறங்கப் படி இரிக்கா, அந்தப் படியில இறங்கிற ஆள ஆரும் கலைக்கிறாங்களா. படி இரிந்து, கலைக்கிறதுக்கும் ஆளில்லாட்டி லைட் எரியாட்டியும் பரவால்ல.

குளிக்கிற எண்ணம் மட்டும் வேணாம். முதலை இரிக்கு. எல்லா இடத்துலயும் எப்பவும் தெரியாது, ஆனா இரிக்கு, கண்ணா மரம், அதான் உப்புத் தண்ணியில வளர்ற சதுப்புக்காட்டு மரம், அடர்ந்த ஓரமா இரிந்தாக் கூடக் கவனம். பிள்ளைகள் படியில உக்காந்து கால நனைக்கிறதுக்கு முதல் பக்கத்துல வலை போடுற ஆரிட்டயும் ஒரு சொல் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்.

கல்லடிப் பாலத்துக்கு வந்தா நடையின்ட நல்ல பகுதி. பழைய இரும்புப் பாலம் 1924ல கட்டினது, அந்த நேரத்து ஆளுநர் மனிங்குட மனைவிட பேர்ல லேடி மனிங் பாலம், 300 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அப்ப ஒரு பக்கத்தால பஸ் வந்தா மற்றப் பக்கம் நிண்டு காத்திரிக்கணும், சைக்கிள்ல போறவன் பஸ்ஸுக்கும் கம்பிக்கும் இடையில உயிரக் கையில பிடிச்சுட்டுப் போவான். 2013ல ஜப்பான் உதவியோட பக்கத்துலயே புதுப் பாலம் திறந்தாங்க, பெரிய வாகனமெல்லாம் அதால போகுது, பழசு நடக்கிற ஆக்களுக்கு ஆறுதலாப் போச்சு. ஆரும் திட்டம் போட்டுக் கட்டாத பூங்கா எண்டா அதுதான், இரும்பு வளைவுக்குக் கீழ நிண்டு ஆத்துட ரெண்டு பக்கமும் பாக்கலாம், காத்து நிக்காது, ஆரும் டிக்கட் கேக்க மாட்டாங்க. கிழக்க எழுவான்கரை, கல்லடிப் பனையும் தென்னையும், அதுக்கு அங்கால கடல் இரையிறது கேக்கும். மேற்க டவுன், அதுக்கும் அங்கால படுவான்கரை, வயலும் பட்டியும். பின்னேரம் ஆறு மணிக்கு நீர்க்காகம் கூட்டமா தண்ணியோட ஒட்டிப் பறந்து போகும், செம்பருந்து ஒண்டு எப்பவும் பாலத்துக்கு மேல சுத்திட்டு நிக்கும்.

இன்னும் போக ஆசையெண்டா இன்னொரு நாளைக்கு வச்சுக்கங்க, பாலமீன்மடு முகத்துவாரம். டவுன்ல இரிந்து சைக்கிள்ல போகலாம், ரோடு பெரும்பாலும் சமதரை. அங்க 1913ல கட்டின வெளிச்ச வீடு, 28 மீற்றர் உயரம், பக்கத்துல பூங்கா, போட்டுல ஏத்திக் கண்ணாக் காட்டுக்குள்ளால கொண்டு போய்க் காட்டுவாங்க. ஏறுறதுக்கு முதல் விலையப் பேசிக்கங்க, லைஃப் ஜாக்கட் கேட்டு வாங்கிப் போடுங்க, வெக்கப்பட வேணாம். கண்ணா வேர் தண்ணிக்குள்ள விரலா விரலா இறங்கி நிக்கும், அதுக்குள்ளதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிச்சு வளருது, அத வெட்டினா அந்த வீச்சு வலைக்கு ஒண்டும் வராது. கோடையில முகத்துவாரத்த மணல் மூடிரும், மாரியில வெள்ளம் ஏறினா வெட்டி விடுவாங்க, வெட்டின அண்டைக்கு ஆத்துத் தண்ணி செம்மண் கலர்ல கடலுக்குள்ள ஓடுறதப் பாக்க ஊரே போய் நிக்கும். அதுக்கு அங்கால நாவலடி. 2004 சுனாமியில அந்த மணல் திட்டியில இரிந்த சனத்துக்கு நடந்தது எங்க எல்லாருக்கும் தெரியும். அங்க போனா சத்தம் போட்டுப் பாட்டுப் போடாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்கிறது.

அக்காட மகளுக்கு இப்ப போட்டு ஆசை வந்துட்டு, ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். என்ட திட்டம் வேற, குருமண்வெளியில இரிந்து மண்டூருக்குப் போற பாதையில, அதான் ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற தட்டைப் படகுல, ஏத்தப் போறன், மோட்டர்சைக்கிள், சைக்கிள், மாட்டுக்குப் புல்லுக் கட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டுல ஏறி ஆத்தக் கடக்கிற அந்தப் பாதை. மண்முனையில 2014ல பாலம் வந்த பொறகு அங்க பாதை நிண்டுட்டு, மண்டூர்ல இன்னும் ஓடுது. சுற்றுலாப் போட்டுல குடுக்கிற காசுல ஒரு துண்டு காணும். அங்கால இறங்கினா மண்டூர் முருகன் கோயில், அங்க பூசை செய்யிற கப்புகனார் வாயத் துணியால கட்டிட்டுப் பூசை செய்யிறத அவள் ஒருநாளும் கண்டதில்ல. அக்காவுக்கு இன்னும் சொல்லல்ல, லைஃப் ஜாக்கட் இரிக்கா எண்டுதான் முதல்ல கேப்பாள்.