எம்டி5 ஒன்றுதான், விடை மட்டும் இரண்டு

பழைய பிஎச்பி நிரல் ஒன்றைப் பைத்தான் மொழிக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஆர்டர் விவரங்களை இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும் பகுதி அது. ஒவ்வொரு ஆர்டரோடும் ஒரு சிக்னேச்சர், அதாவது ஆர்டர் விவரத்தையும் ஒரு ரகசியச் சாவியையும் வைத்துக் கணக்கிட்ட எழுத்துத் தொடர், போக வேண்டும். அந்தப் பக்கமும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் திருப்பிவிடுவார்கள். அவர்கள் எதையும் மாற்றப்போவதில்லை என்பதால், புதியது பழையதைப் போல அச்சு அசலாக இருந்தாக வேண்டும்.

ஆனால் என் நிரல் தந்த சிக்னேச்சர் பழையதோடு பொருந்தவில்லை. ஹேஷ் கணக்கைப் பற்றி (எந்தச் செய்தியையும் நிலையான நீளத்துக்குச் சுருக்கும் கணக்கு; இங்கே எம்டி5) எனக்குக் கவலை இல்லை. எம்டி5-ஐ விவரிக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 1321 வந்தது 1992-ல். சோதனை ஸ்ட்ரிங்குகளும் அவற்றின் விடைகளும் அதிலேயே இருக்கின்றன. பைத்தானில் ஓட்டினேன், எல்லாம் பொருந்தின. அப்படியானால் தகராறு, உள்ளே எந்த பைட்டுகள் போகின்றன, வெளியே வருவதை எந்த வடிவில் எடுக்கிறோம் என்பதில்தான். ஹேஷ்களை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. உள்ளே ஒரு பிட் மாறினாலே வெளியே மொத்தமும் கலைந்துவிடும். அதனால் ஹேஷுக்குள் நுழையும் ஸ்ட்ரிங்கை பழைய நிரல், புதிய நிரல் இரண்டிலும் ஹெக்ஸாக (பதினாறடி எண்களாக) லாகில் எழுத வைத்து, டிஃப் போட்டு வித்தியாசம் பார்த்தேன். (சிக்னேச்சர் சாவியும் அதில் வரும் என்பதால் டெஸ்ட் சர்வரில், டம்மி சாவியோடு மட்டும்.)

முதலில் சிக்கியது வடிவம். பிஎச்பியின் எம்டி5 கேட்காமலேயே ஹெக்ஸ் ஸ்ட்ரிங்காக 32 எழுத்து தரும். யாரோ அதை அப்படியே பேஸ்64-க்குள் (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் முறை) போட்டிருந்தார்கள். விடை 44 எழுத்து. நான் எழுதியது முறைப்படி 16 பைட்டைப் பேஸ்64 ஆக்கியது, விடை 24. நீளத்தைப் பார்த்தாலே புரிந்துவிட்டது. பழைய முறை வீண்தான், ஆனாலும் அதையே எழுதினேன்.

எச்மேக்கில் (சாவியையும் சேர்த்துப் போடும் ஹேஷ்) வேறு மாதிரி. பிஎச்பியில் வரிசை: அல்காரிதம், செய்தி, சாவி. பைத்தானில் சாவி முதலில், செய்தி அடுத்து. இரண்டுமே பைட்டுகள்தானே, இடம் மாறிப் போனாலும் எந்த எர்ரரும் வராது; தப்பான விடை கம்பீரமாக வந்து நிற்கும்.

அதிக நேரம் தின்றது ஜேசன், அதாவது தரவை எழுத்தாக்கி அனுப்பும் வடிவம். பைத்தான் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் ஓர் இடைவெளி விடும், பிஎச்பி விடாது. பிஎச்பி ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு சேர்க்கும், பைத்தான் சேர்க்காது. காலி அரே (பட்டியல்) பிஎச்பியில் சதுர அடைப்பாகப் போகும். பைத்தானில் அதற்கு ஈடாக நான் வைத்த காலி டிக்‌ஷனரி நெளிவு அடைப்பாகப் போகும். தொகை 250.0 என்ற ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) இருந்தால் பிஎச்பி வெறும் 250 என்று எழுதும், பைத்தான் 250.0 என்றே எழுதும். ஒவ்வொன்றையும் சரிசெய்தால் அடுத்தது தலைகாட்டியது. யூஆர்எல் என்கோடிங்கும் இதே ரகம்: பிஎச்பியின் வழக்கமான ஃபங்ஷன் இடைவெளியை + ஆக்கும், பைத்தானின் வழக்கமான ஃபங்ஷன் %20 ஆக்கும், அதோடு சாய்கோட்டைத் தொடாமல் விட்டுவிடும். + வேண்டுமென்றால் அதற்குத் தனி ஃபங்ஷன் இருக்கிறது.

சிக்னேச்சர் முடிந்த பிறகுதான் நிஜமான தலைவலி. வாடிக்கையாளர் பெயரை வைத்து அவருடைய பில்களை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று முடிவுசெய்யும் ஒரு குட்டி ஹேஷ், கையால் எழுதியது. 31-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தைக் கூட்டிக்கொண்டே போகும், ஜாவா ஸ்ட்ரிங் ஹேஷ் போல. 32 பிட்டுக்குள் சுருக்கி, பிளஸ், மைனஸ் குறியோடு. கடைசியில் 64-ஆல் வகுத்த மீதி. பைத்தான் எண்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும் என்பதால் சுருக்குவதை நாமே ஒவ்வொரு சுற்றிலும் செய்ய வேண்டும், சரி. மீதியில்தான் வேடிக்கை: மைனஸ் 5-ஐ 64-ஆல் வகுத்தால் பிஎச்பிக்கு மீதி மைனஸ் 5, பைத்தானுக்கு 59. பழைய டிஸ்க்கில் பார்த்தால் நிஜமாகவே மைனஸ் குறியோடு ஃபோல்டர்கள் இருந்தன!

அதையும் கடந்தபின் ஆங்கிலத்தில் பதிந்த பெயர்களுக்கு எல்லா பில்லும் கிடைத்தது, தமிழில் பதிந்தவற்றுக்குக் கிடைக்கவில்லை. பிஎச்பி ஸ்ட்ரிங் வெறும் பைட் வரிசை. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட், முதல் பைட்டின் மதிப்பு 224. பைத்தானுக்கு அது ஒரே எழுத்து, மதிப்பு 2949. முதலில் பைட்டாக மாற்றிவிட்டுச் சுற்றினால் தீர்ந்தது.

நிரலைப் பார்த்த நண்பர், பெயர்களை யூனிகோட் நார்மலைஸ் செய்துவிடலாமே, அதாவது ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கிவிடலாமே என்றார். நல்ல யோசனைதான்: 'கொ' என்பதை க-வோடு ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பழைய பில்கள் நார்மலைஸ் செய்யாத பைட்டின் ஹேஷ்படிதான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் நார்மலைஸ் செய்யும் வரியைப் பெயர் தேடும் பகுதிக்கு மட்டும் வைத்தோம். ஹேஷ் ஃபங்ஷனுக்கு மேலே, இங்கே நார்மலைஸ் செய்யாதீர்கள் என்று காரணத்தோடு ஒரு கமென்ட் போட்டுவிட்டேன்.