மேகி 2054-லிருந்து வந்தவளா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது

"சவுண்ட் ஆஃப் மை வாய்ஸ்" படத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு உடனே கிளைமாக்ஸுக்கு ஓடிவிடுகிறது. படத்தில் ஒரு ரகசியக் கூட்டத்தின் தலைவியாக வரும் மேகி நிஜமாகவே எதிர்காலத்திலிருந்து வந்தவளா, இல்லை ஏமாற்றுக்காரியா என்று ஆளுக்கொரு கட்சி. இன்னும் சிலர், பாதியில் கரண்டைப் பிடுங்கிவிட்ட மாதிரி படத்தை முடித்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். இவர்கள் எல்லாரிடமும் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்தக் கடைசி ஐந்து நிமிடச் சண்டை அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதை முழுக்கச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 85 நிமிடம்தான்.

2011 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டு, 2012 ஏப்ரலில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த படம். இயக்கியவர் ஜால் பட்மங்லிஜ், அவருக்கு இது முதல் முழுநீளப் படம். அவரோடு சேர்ந்து எழுதி, மேகியாக நடித்திருப்பவர் பிரிட் மார்லிங். அதே விழாவில் மார்லிங் இணைந்து எழுதி நடித்த "அனதர் எர்த்" படமும் வந்தது, அதை இயக்கிய மைக் கேஹிலும் இவர்களும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே நண்பர்கள். செலவு சுமார் 1,35,000 டாலர். ஹாலிவுட் கணக்கில் இது ஒன்றுமே இல்லை.

பீட்டர், லோர்னா என்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஜோடி. ஒரு ரகசிய நம்பிக்கைக் கூட்டத்துக்குள் ஆள் சேர்வதுபோல நுழைந்து, ஆவணப்படம் எடுத்து அம்பலப்படுத்துவது அவர்கள் திட்டம். குளிக்கச் சொல்கிறார்கள், வெள்ளை உடை கொடுக்கிறார்கள், கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு வீட்டின் அடித்தளம். உள்ளே போக நீளமான, சிக்கலான ஒரு கைகுலுக்கலைப் பிழையில்லாமல் செய்துகாட்ட வேண்டும். அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டரோடு மேகி வருகிறாள். தான் 2054-லிருந்து வந்ததாகவும், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வரப்போவதாகவும், தேர்ந்தெடுத்த சிலரை அதற்குத் தயார்செய்ய வந்திருப்பதாகவும் சொல்கிறாள்.

இங்கேதான் பலருடைய முதல் குறை தொடங்குகிறது. "2054-ஐ ஒரு தடவைகூடக் காட்டவில்லையே, காசில்லாமல் பேசியே ஒப்பேற்றிவிட்டார்கள்" என்று. காசில்லை என்பது உண்மைதான். ஆனால் காசு இருந்து, எரிகிற நகரத்தை ஒரு நிமிடம் காட்டியிருந்தால் படம் அங்கேயே செத்திருக்கும், ஏனென்றால் அந்த அடித்தளத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பதினைந்து பேருக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் நமக்கும் கிடைக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது மேகியின் குரலும் முகமும் மட்டும். அவள் சொல்வதை எதை வைத்துச் சரிபார்ப்பது என்று அவர்களைப் போலவே நாமும் முழிக்கிறோம். பெரிய பட்ஜெட்டில் உலகம் அழிவதைக் காட்டும் படங்கள் எவ்வளவோ வந்துவிட்டன, அவற்றில் எதுவும் ஒரு மனிதன் எப்படி நம்ப ஆரம்பிக்கிறான் என்று எனக்குக் காட்டியதில்லை.

ஆப்பிள் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் ஆப்பிள் சாப்பிடச் சொல்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் அதை வாந்தியெடுக்கச் சொல்கிறாள். மனதில் தேங்கியிருக்கிற தர்க்கத்தையும் பயத்தையும் வெளியே தள்ளுவது மாதிரி ஒரு சடங்கு. ஒவ்வொருவராகச் செய்கிறார்கள். பீட்டரால் முடியாது, காரணம் அவன் வயிற்றுக்குள் ஒலிபரப்புக் கருவி ஒன்றை விழுங்கி வைத்திருக்கிறான், வெளியே வந்தால் மாட்டிக்கொள்வான். அவன் மறுக்க மறுக்க மேகி அவன் பக்கம் திரும்புகிறாள். மிரட்டல் கிடையாது, கத்தல் கிடையாது. அவனுடைய சின்ன வயதைத் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போகிறாள், எங்கே தொட்டால் வலிக்கும் என்று தேடுகிற மாதிரி. பீட்டரின் அம்மா, மருத்துவத்தை ஏற்காத ஒரு நம்பிக்கைக் கூட்டத்தில் இருந்து, அவன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனவர் என்று நமக்கு முன்னமே தெரியும். கூட்டங்கள் மீது அவனுக்கு இருக்கிற வெறுப்புக்கு அதுதான் வேர், அவனுடைய ஓட்டையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவன் உடைந்து அழுகிறான், வாந்தியும் எடுக்கிறான்.

மேகி எதிர்காலத்தைப் பார்த்தவளா என்கிற கேள்விக்கு இந்தக் காட்சியில் ஒரு பதிலும் இல்லை. ஆனால் ஒரு கெட்டிக்கார மனிதனை, அதுவும் கேமராவோடு உளவு பார்க்க வந்தவனை, ஒரே உட்காரலில் எப்படித் தன் பக்கம் இழுக்க முடியும் என்பது முழுசாக இருக்கிறது. கிறிஸ்டோபர் டென்ஹம் பீட்டராக இதில் செய்திருப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எல்லாப் பாராட்டும் மார்லிங்குக்கே போய்விடுகிறது.

அடுத்தது பாட்டுக் காட்சி. கூட்டத்தில் ஒருவன், உங்கள் காலத்துப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்கிறான். அவள் தயங்கிப் பாடுகிறாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் சொல்லிவிடுகிறான், இது 90-களில் கிரான்பெரீஸ் குழு பாடியதாயிற்றே என்று. மேகி அசரவில்லை, தன் காலத்தில் அதை வேறொருவர் பாடிப் பிரபலமாக்கினார் என்கிறாள். சந்தேகம் கேட்டவன் வெளியேற்றப்படுகிறான், மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். பல பேர் இந்த இடத்தில் சிரித்துவிட்டு "இதுக்கப்புறமும் ஒருத்தன் உட்கார்ந்திருப்பானா, நம்புகிற மாதிரியா இருக்கு" என்று எழுதுகிறார்கள்.

உட்கார்ந்திருப்பார்கள் என்பதற்கு அதே தெற்குக் கலிஃபோர்னியாவிலேயே சாட்சி இருக்கிறது. ஹெவன்ஸ் கேட் கூட்டத்தை மார்ஷல் ஆப்பிள்வைட்டும் போனி நெட்டில்ஸும் சேர்ந்து நடத்தினார்கள். விண்கலம் வந்து உயிரோடு, உடம்போடு தங்களை மேலே ஏற்றிக்கொண்டு போகும் என்பது அவர்கள் ஆரம்பத்தில் சொன்ன போதனை. 1985-இல் நெட்டில்ஸ் புற்றுநோயில் இறந்துவிட்டார், உடம்பு இங்கேயே கிடந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. உடம்பு என்பது வெறும் வாகனம், அதை விட்டுவிட்டும் போகலாம் என்று போதனையே மாறியது. அந்த மாற்றம் எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், 1997 மார்ச்சில், ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வந்த நேரத்தில், சான் டியேகோ பக்கத்தில் ராஞ்சோ சாண்டா ஃபே என்ற ஊரில் ஆப்பிள்வைட் உட்பட 39 பேர் ஒரே வீட்டில் உயிரை விட்டார்கள். அவர்கள் படிக்காதவர்களோ வேலை தெரியாதவர்களோ இல்லை, இணையதளம் வடிவமைத்துக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பாட்டு யாருடையது என்கிற சின்னப் பொத்தல் அந்த மாதிரி நம்பிக்கையை ஒன்றும் செய்துவிடாது.

உளவு பார்க்க வந்தவர்கள் நிலைமையும் புதுசில்லை. 1954-இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டாரதி மார்ட்டின் என்ற பெண், டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வந்து உலகம் அழியும் என்று வேற்றுக் கிரகத்தினர் தனக்குச் சொன்னதாகச் சொன்னார். சமூக உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரின் குழுவினர் ஆய்வுக்காகத் தங்கள் ஆட்களை அந்தக் கூட்டத்துக்குள் அனுப்பினார்கள். உள்ளே நுழைவதற்காக அந்த ஆட்கள் கனவு கண்டேன், அதிசயம் நடந்தது என்று கதை கட்ட வேண்டியிருந்தது, அந்தக் கதைகளையே கூட்டத்தினர் தங்கள் நம்பிக்கைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்கப் போனவன் வேடிக்கையில் சேர்ந்துவிடுகிறான். பீட்டர் கைகுலுக்கலைப் பழகும்போதே, அதைத் தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்று கவலைப்படும்போதே, எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது.

சரி, குறைகள். எல்லாவற்றுக்கும் முட்டுக்கொடுக்க நான் வரவில்லை. நீதித் துறையிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு லோர்னாவைச் சந்திக்கிற கேரல் பிரிக்ஸ் பாத்திரம் எனக்கும் ஒட்டவில்லை. மேகி தேடப்படும் குற்றவாளி என்று அவர் சொல்வதை நம்புவதா என்ற சந்தேகத்தை வேண்டுமென்றே விதைக்கிறார்கள், ஆனால் அதை வளர்க்க நேரம் கொடுக்கவில்லை. பீட்டர் ஆசிரியராக இருக்கிற பள்ளியில் படிக்கும் எட்டு வயது அபிகெய்லின் வீட்டில் நடப்பதும் அப்படித்தான், அப்பா ராத்திரியில் அவளுக்கு ஊசி போடுகிறார், ஏன் என்று கடைசிவரை தெரியாது. விடை சொல்லாமல் விடுவது வேறு, கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுவது வேறு. இந்த இடங்களில் படம் இரண்டாவதைத்தான் செய்கிறது.

ஆனால் முடிவு அப்படியில்லை. அபிகெய்ல் என் அம்மா, அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று மேகி கேட்கிறாள். பீட்டர் பள்ளிச் சுற்றுலாவைச் சாக்காக வைத்து லா ப்ரியா தார்க் குட்டைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறான். மேகியும் அந்தக் குழந்தையும் அதே ரகசியக் கைகுலுக்கலைச் செய்கிறார்கள். இது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று குழந்தை கேட்க, நீதான் சொல்லிக்கொடுத்தாய் என்கிறாள் மேகி. அடுத்த நொடி போலீஸ் பாய்கிறது. "அப்போ அவள் சொன்னது உண்மைதான்" என்று ஒரு தரப்பு. "அந்தக் குழந்தையை முன்பே கண்காணித்துக் கைகுலுக்கலைத் திருடியிருப்பாள்" என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அவள் யாராக இருந்தாலும், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தன் வகுப்புக் குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்துகிற அளவுக்கு ஓர் ஆசிரியர் வந்துவிட்டார் என்பதுதான் இந்தப் படத்தின் பயங்கரம். கைகுலுக்கல் நடக்காமல் போயிருந்தாலும் அந்தத் தப்பு தப்புதான்.

அதனால்தான் லோர்னாவைப் பற்றி யாருமே நியாயமாக எழுதுவதில்லை என்பது என்னை உறுத்துகிறது. நிக்கோல் விஷியஸ் நடித்த அந்தப் பெண்தான் அந்த அடித்தளத்தில் தன்னைக் கடைசிவரை பறிகொடுக்காத ஆள். தன் காதலன் நழுவுவதைப் பார்க்கிறாள், தடுக்கப் பார்க்கிறாள், முடியாதபோது குழந்தைக்கு ஆபத்து என்று முடிவெடுத்து அதிகாரிகளிடம் போகிறாள். கேரல் பிரிக்ஸ் யாராக இருந்தாலும் லோர்னாவுக்கு அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து அவள் செய்தது சரி. இருந்தும் படித்த விமர்சனங்களில் பாதி அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்கின்றன, மீதி அவள் பெயரையே சொல்வதில்லை. அடுத்த தடவை பார்ப்பவர்கள் மேகி பேசும்போது மேகியைப் பார்க்காமல் லோர்னாவைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவள் துரோகி என்று இன்னமும் தோன்றினால் கீழே எழுதுங்கள், பேசலாம்.