ஸ்டாஃப் காலேஜ் வரலாற்றை நான் இரண்டு முறை படித்த கதை

குன்னூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ராணுவ அதிகாரிகள் படிக்கும் வெலிங்டன் ‘ஸ்டாஃப் காலேஜ்’ என்பது பஸ் ஜன்னலில் வந்து போகும் ஒரு பெயர். முதுகலையில் பாதுகாப்பு, உத்திசார் ஆய்வுகள் எடுத்த எனக்கு அந்தக் கல்லூரியின் வரலாறு சொந்த ஊர்ப் பாடம் என்ற மிதப்பு. கல்லூரி ஊர் மாறி வந்த கதையை 1905 தேவலாலி, 1907 குவெட்டா, 1948 வெலிங்டன் என்று மூன்று வருடங்களாக உருப்போட்டுக்கொண்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் போனேன்.

“வருஷமெல்லாம் சரிப்பா, ஏன் மூணு ஊர்?” என்று கேட்டார் ஆசிரியர்.

“பிரிவினை சார்.”

“அது கடைசி ஊருக்கு. முதல் ரெண்டு?”

அவ்வளவுதான். அப்புறம் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான ‘நெட்’ தகுதித் தேர்வின் முதல் முயற்சியிலும் இதே கதை. கால வரிசைப்படுத்து, கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் வெறும் மனப்பாடம் கைகொடுக்கவில்லை. இரண்டாம் முறை தேறினேன். அதற்கு எப்படிப் படித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘ஸ்டாஃப்’ என்ற சொல்லிலேயே பலருக்குக் குழப்பம். ‘பணியாளர் கல்லூரி’ என்று தமிழில் படித்தால் ஏதோ அலுவலக ஊழியர்களுக்கான பயிற்சி நிலையம் போல இருக்கிறது. ஸ்டாஃப் என்பது தளபதிக்குப் பின்னால் உட்கார்ந்து உளவுத் தகவலைச் சலித்து, படை நகர்வைத் திட்டமிட்டு, ரேஷனும் குண்டும் எப்போது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போடும் அதிகாரிகள். வீரம் இருந்தும் இந்தக் கணக்கு தப்பியதால் தோற்ற போர்கள் நிறைய.

எனக்குப் பிடி கிடைத்த இடம் அதுதான். ஒவ்வொரு கல்லூரிக்கும் முன்னால் எந்த அடி விழுந்தது என்று தேடினேன். 1806இல் ஜெனாவில் நெப்போலியனிடம் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசு நொறுங்கியது. 1810இல் பிரஷ்யத் தளபதி ஷார்ன்ஹோர்ஸ்ட் பெர்லினில் போர்க் கல்லூரி தொடங்கினார். ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டனின் நிர்வாகம் சந்தி சிரித்தது. 1858இல் இங்கிலாந்தில் கேம்பர்லி ஸ்டாஃப் காலேஜ். 1870இல் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றது. 1876இல் பாரிசில் ஒரு கல்லூரி. இப்படி வரிசைப்படுத்திய பிறகு கால வரிசைக் கேள்வி தானாக வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இந்தச் சூத்திரத்தைத் திணிக்காதீர்கள். 1799இல் ஹை விக்கமில் லே மார்ஷாண்ட் தொடங்கிய பள்ளிதான் கேம்பர்லிக்கு மூலம். கிரிமியா அதை உருவாக்கவில்லை, உலுக்கிவிட்டது.

இப்போது ஆசிரியரின் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படையின் ஸ்டாஃப் வேலை எவ்வளவு ஓட்டை என்பதை பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் நேரில் பார்த்தவர். 1902இல் இந்தியாவின் தலைமைத் தளபதியாக வந்தார். கேம்பர்லியில் இந்தியப் படை அதிகாரிகளுக்குக் கிடைத்த இடங்களோ கொஞ்சம். ஆகவே இங்கேயே ஒரு கல்லூரி வேண்டும் என்று 1905இல் நாசிக் அருகே தேவலாலியில் தற்காலிகமாகத் தொடங்கினார். நிரந்தர இடம் குவெட்டா. ஆப்கன் எல்லைக்கு அருகே, ரஷ்யா அந்த வழியாகத்தான் வரும் என்று பயந்த காலம் அது. வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள், மறக்காது.

குவெட்டாவில் பெயர்கள் நிறைய வரும். இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய பிரிட்டிஷ் தளபதிகளில் ஸ்லிம் இங்கே மாணவர், மான்ட்கோமரி பயிற்றுநர். 1935 நிலநடுக்கத்தின்போது மான்ட்கோமரி அங்கேதான் இருந்தார். பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தலைவர்களான கரியப்பா, மானெக்ஷா இருவரும் இங்கே வருகிறார்கள். கரியப்பா 1933இல் சேர்ந்தார், அங்கே படித்த முதல் இந்திய அதிகாரி. மானெக்ஷா குவெட்டாவில் மாணவர், பிறகு வெலிங்டனில் தலைவர். இரண்டு ஊரையும் மாற்றிப் போட்டுக் கேட்டால் இங்கேதான் வழுக்கும்.

1947இல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனது. பழைய ஜெகதளா படைக்குடியிருப்பு, அதாவது இன்றைய வெலிங்டன், இந்தியாவின் தேர்வாயிற்று. முதல் தலைவர் லென்டெய்ன், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பின்புலத்தில் புகுந்து போரிட்ட சிண்டிட் படையை, அதை உருவாக்கிய விங்கேட் இறந்த பிறகு பர்மாவில் நடத்தியவர். சுதந்திர இந்தியாவின் கல்லூரியை 1955 வரை ஒரு பிரிட்டிஷ் அதிகாரி நடத்தினார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். பிரிவினையின்போது குவெட்டாவில் பயிற்றுநராக இருந்த, பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான யாஹ்யா கான், நூலகப் புத்தகங்களை இந்தியாவுக்குக் கொண்டுபோக விடாமல் தடுத்தார் என்று ஒரு கதை உண்டு. ரசிக்கலாம், விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

கல்லூரியின் சின்னம் ஆந்தை. நம் வீட்டில் ஆந்தை அலறினால் பாட்டி திட்டுவாள். இவர்களோ ரோமானியர்களின் மினர்வா தேவதையின் அறிவுப் பறவை என்று பெருமையாக வைத்துக்கொண்டு, படித்து வெளியே வருபவர்களையும் ஆந்தைகள் என்றே சொல்கிறார்கள்.

இன்னொரு பொறி: வெலிங்டன் பெரும்பாலும் மேஜர் நிலை அதிகாரிகளுக்கு. பிரிகேடியர் நிலைக்கு 1960இல் தொடங்கிய டெல்லியின் தேசியப் பாதுகாப்புக் கல்லூரி. அங்கே குடிமைப் பணி அதிகாரிகளும் படிக்கிறார்கள். ‘மூத்த அதிகாரிகள்’ என்று கேள்வியில் இருந்தால் எந்தப் படிநிலை என்று ஒரு முறை பாருங்கள். நான் முதல் முயற்சியில் பார்க்கவில்லை.

கடைசியாக, நெட்டில் 3 மணி நேரத்தில் 150 கேள்விகள். தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கூற்று–காரணத்தில் காரணத்தை மறைத்துவிட்டு, நீங்களே ஒரு ‘ஏனெனில்’ போட்டுப் பார்த்து, அப்புறம் கொடுத்ததைப் படியுங்கள். தெரியாததைக் காலியாக விட்டுவிட்டு வராதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் பதினொன்றை விட்டுவிட்டு வந்தேன்.