134ஏ ஒண்ணும் செய்யாதுன்னு நம்பிட்டு இருந்தேன்

மார்த்தாண்டத்துல ஃப்ரிட்ஜ் வேலைக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, ஃப்ரிட்ஜ குளிர வைக்கிற 134ஏ கேஸ் பத்தி கேட்டா நம்ம பயலுவ எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "அது விஷம் இல்லண்ணே, ஒண்ணும் செய்யாது". போன மாசம் ஒரு பேக்கரி ஸ்டோர் ரூம்ல, மாவுல தூசி விழுந்துரும்னு கதவ சாத்திட்டு, தரையில குந்தி கேஸ் ஏத்திட்டு இருந்தேன். ஹோஸ் நட்டு நழுவிருச்சு. உஸ்ஸ்ஸுன்னு சத்தம், விரல்ல வெள்ளையா பனி புடிச்சு எரியுது, மணம் ஒண்ணுமே இல்ல, வால்வ மூட எந்திரிச்சா தலை கிர்ருன்னு சுத்துது. கூட வந்த பயதான் வெளிய இழுத்து போட்டான்.

அன்னைக்கு ராத்திரி கேஸோட டேட்டா ஷீட்ட எடுத்து விஷத்தன்மை பத்தி சொல்ற 11வது பகுதிய படிச்சேன். எலிய பெட்டிக்குள்ள வச்சு நாலு மணி நேரம் கேஸ் விட்டு பாத்தா, பாதி எலி சாகுறதுக்கு 5 லட்சம் பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல எத்தன பங்குங்கிற கணக்கு) மேல வேணுமாம், அதாவது காத்துல பாதிக்கு மேல கேஸு. அப்போ மூச்சு விட என்ன மிச்சம்? அங்கதான் விஷயம் இருக்கு. இந்த டெஸ்டுக்கு ஓஇசிடிங்கிற பல நாட்டு அமைப்பு போட்ட 403ங்கிற விதியில, பெட்டிக்குள்ள ஆக்சிஜன் 19 சதவீதத்துக்கு கீழ போகக்கூடாதுன்னு இருக்கு. கேஸோட விஷத்த மட்டும் அளக்குற டெஸ்ட் அது. ஸ்டோர் ரூம்ல நமக்கு ஆக்சிஜன் சேத்து விட யாரு இருக்கா?

இன்னொண்ணு நாய்க்கு செஞ்ச டெஸ்ட். கேஸ சுவாசிக்க விட்டுட்டு அட்ரினலின் ஊசி போடுறாங்க, 40,000 பிபிஎம்ல ஒண்ணும் ஆகல, 80,000ல இதயத்துடிப்பு தாறுமாறாச்சு. பயந்து பதறும்போது நம்ம உடம்புலயும் அதே அட்ரினலின்தான ஊறுது! 80,000னா 8 சதவீதம். ஆறுக்கு ஆறு ரூம்ல, எட்டடி உயரம்னு வச்சு கணக்கு போட்டு பாத்தேன், மூணு கிலோ கேஸ் போதும், நம்ம சிலிண்டர்ல 13.6 கிலோ இருக்கு. அதுவும் காத்த விட மூணரை மடங்கு கனம், தரையிலேயே கெடக்கும், நாம உக்காந்து வேலை பாக்குற எடத்துல.

குளச்சல் ஐஸ் பிளாண்ட்ல மாமா வேலை பாக்குறாரு, அங்க அமோனியா. 300 பிபிஎம்முக்கே உயிருக்கு ஆபத்துன்னு வச்சிருக்காங்க, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே மூக்கு சொல்லிரும், ஓடிருவாங்க. 134ஏ சொல்லாது.

நேத்து அதே பேக்கரிக்கு திரும்ப போனேன். கதவ தொறந்து, சாத்தாம இருக்க மாவு மூட்டைய இழுத்து முட்டு கொடுத்து, டேபிள் ஃபேன தரையில வச்சு வாசல பாத்து ஓட விட்டு, பயல வெளிய நிக்க சொல்லிட்டுதான் வால்வ தொட்டேன்.